கை பார்த்து மூலக்கூறு செய்யும் வேதியியல்: கடலூர், புதுச்சேரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூர், சிதம்பரம், புதுச்சேரிப் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சமச்சீரற்ற கரிமத் தொகுப்பில் பிஎச்.டி. முடித்து, வெளியூர் ஆய்வகங்களில் வேலை பார்த்துவிட்டு, இப்போது புதுச்சேரியில் பாடம் நடத்தும் ஒருத்தியின் பதில்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இருப்பதைச் சுருக்கியும், இல்லாததைக் கொஞ்சம் விரித்தும் எழுதியிருக்கிறேன்.

மேடம், சமச்சீரற்ற தொகுப்பு என்றால் சுருக்கமாக என்ன?

ஒரு கார்பனில் நான்கு வெவ்வேறு தொகுதிகள் சேர்ந்தால், அந்த மூலக்கூறுக்கு வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. சாதாரண வினையில் இரண்டும் பாதிக்குப் பாதி வரும். அதுதான் ரேசிமிக் கலவை. அந்த 50:50-ஐ 99:1 ஆக்குவதுதான் எங்கள் பிழைப்பு.

கை மாறினால் என்ன ஆகிவிடும்? உருகுநிலை, கொதிநிலை எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றுதான். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் சாதாரண என்.எம்.ஆர். கருவியில்கூட வித்தியாசம் தெரியாது. ஆனால் நம் உடம்பே கைத்தன்மை கொண்ட பொருள்களால் ஆனது. புரதங்கள் 'எல்' என்ற ஒரே கை அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. அதனால் கருவிக்குத் தெரியாத வித்தியாசம் மூக்குக்குத் தெரிந்துவிடும். சட்னிக்கு அரைக்கும் புதினாவின் மணத்துக்கு முக்கியக் காரணம் ஆர்-கார்வோன் ('ஆர்', 'எஸ்' என்பவை இரண்டு கைகளுக்கும் வைத்த பெயர்கள்). அதன் எதிர்க்கையான எஸ்-கார்வோன் சதகுப்பை விதையில் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் ஒரு பொட்டலம் சதகுப்பை வாங்கி, உள்ளங்கையில் கசக்கி முகர்ந்து பாருங்கள். புதினா ஞாபகமே வராது.

மருந்துக்கு வந்தால், எல்லாரும் உடனே தாலிடோமைடு கதையைச் சொல்வார்கள். 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து, 1961-இல் திரும்பப் பெறப்பட்ட மருந்து அது. கர்ப்பிணிகள் சாப்பிட்டதால் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்தார்கள். 'ஒரு கை மருந்து, மறு கை விஷம், பிரித்துக் கொடுத்திருந்தால் தப்பித்திருக்கலாம்' என்று கருத்தரங்குகளில் இன்னமும் சொல்கிறார்கள். அது முழு உண்மை கிடையாது. தாலிடோமைடின் இரண்டு வடிவங்களும் உடம்புக்குள் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும். பிரித்துக் கொடுத்தாலும் சில மணி நேரத்தில் இரண்டும் இருக்கும். நேர்முகத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

நம்மூர் உதாரணம் வேண்டுமென்றால் ஐபுப்ரோஃபென். ஈ.சி.ஆர். மேல் இருக்கும் காலாப்பட்டில் அதைப் பெரிய அளவில் தயாரிக்கிறார்கள். வலியைக் குறைப்பது எஸ் வடிவம்தான். ஆனாலும் கடையில் கிடைக்கும் மாத்திரை பெரும்பாலும் ரேசிமிக். காரணம், உடம்பில் உள்ள நொதி ஆர் வடிவத்தில் ஒரு பகுதியை எஸ் ஆக மாற்றிவிடுகிறது. அப்புறம் கூடுதல் செலவு செய்து பிரிப்பானேன் என்ற கணக்கு. எல்லா மருந்துக்கும் இந்தச் சலுகை கிடைக்காது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1992-இல் வெளியிட்ட கொள்கைக்குப் பிறகு, புதிய மருந்தைக் கொண்டு வருபவர் இரண்டு கைகளும் தனித்தனியே என்ன செய்கின்றன என்று காட்ட வேண்டியதாயிற்று. வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். லெவோசெட்ரிசின், லெவோசல்புட்டமால், எஸ்ஓமெப்ரசோல் என்று முன்னால் 'லெவோ', 'எஸ்' போட்டவையெல்லாம் ஒற்றைக் கை மருந்துகள்.

ரேசிமிக்காகச் செய்துவிட்டு, வேண்டியதைப் பிரித்தெடுத்தால் போதாதா?

பிரிக்கலாம். லூயி பாஸ்தர் 1848-இல் சோடியம் அம்மோனியம் டார்டரேட் படிகங்களை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வலம் இடம் எனப் பிரித்ததிலிருந்து தொடங்குகிறது இந்தத் துறை. இன்றும் ஆலைகளில் ரேசிமிக் அமிலத்தோடு ஒரு கைரல் (கைத்தன்மையுள்ள, ஒற்றைக் கை) அமீனைச் சேர்த்து உப்பாக்கி, ஒன்றை மட்டும் படிய வைத்துப் பிரிக்கிறார்கள். இதைக் கேவலமாக நினைக்காதீர்கள். மலிவான, நம்பகமான முறை. குறை என்னவென்றால் சரக்கில் பாதி வேண்டாத கை. அதைத் திரும்ப ரேசிமிக்காக்கி மறுபடி பிரிக்க வழி இருந்தால் சரி. இல்லையென்றால் பாதிப் பணம் சாக்கடையில்.

வினையூக்கியின் பெருமை இங்கேதான். ஒரு கைரல் வினையூக்கி மூலக்கூறு தன் கையை நூற்றுக்கணக்கான, நல்லதாக இருந்தால் பல்லாயிரக்கணக்கான விளைபொருள் மூலக்கூறுகளுக்குக் கொடுக்கும். மான்சான்டோ கம்பெனியில் வில்லியம் நோல்ஸ் 1970-களில் ரோடியம் வினையூக்கியால் எல்-டோபாவைத் தயாரித்துக் காட்டினார். பார்க்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் அந்த மருந்து, நம் சித்த வைத்தியர்கள் எடுக்கும் பூனைக்காலி விதையிலேயே இயற்கையாக இருக்கிறது என்பது உபரித் தகவல்.

அந்தக் கைத்தன்மையை முதலில் எங்கிருந்து எடுப்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. எங்கோ ஏற்கெனவே கைத்தன்மை இருந்தால்தான் புதிதாக ஒன்றுக்குக் கொடுக்க முடியும். பெரும்பாலும் அதை இயற்கையிடமிருந்துதான் வாங்குகிறோம்.

வீட்டுப் புளிப் பானையையே எடுத்துக்கொள்ளுங்கள். புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம், அதுவும் ஒற்றைக் கையாக. திராட்சையில் இருப்பதும் அதே வடிவம். பாஸ்தர் பிரித்தது இந்த அமிலத்தின் உப்பைத்தான். பாரிஸ் பக்கத்தில் ஹென்றி ககான் 1971-இல் இதே அமிலத்திலிருந்து டையாப் என்ற பாஸ்ஃபீன் ஈனியை (உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அதற்குக் கை கொடுக்கும் மூலக்கூறு) செய்து ரோடியத்தோடு கட்டினார். 1980-இல் பேரி ஷார்ப்ளெஸ்ஸும் கட்சுகியும் டைஎத்தில் டார்டரேட், டைட்டேனியம் ஐசோபுரோப்பாக்சைடு, டெர்ஷியரி பியூட்டைல் ஹைட்ரோபெராக்சைடு மூன்றையும் சேர்த்து அல்லைலிக் ஆல்கஹால்களை எபாக்சைடு ஆக்கினார்கள். பிறகு டீட்டர் ஸீபாக் இதிலிருந்து டேடால் என்ற டையால்களைச் செய்தார். வயிற்றெரிச்சலுக்குச் சாப்பிடும் எஸ்ஓமெப்ரசோலையும் டைட்டேனியம், டார்டரேட் வைத்துச் செய்யும் முறை ஆலையில் ஓடுகிறது. ரசத்துக்குக் கரைக்கும் பொருளின் உறவினர்கள்தான் இத்தனையும்.

அடுத்தது சின்கோனா மரப்பட்டை. மலேரியாவுக்காக வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் நடுவட்டம் பக்கம் வளர்த்த மரம். அதன் குயினைன், குயினிடின் குடும்பத்திலிருந்துதான் ஷார்ப்ளெஸ்ஸின் ஆஸ்மியம் டைஹைட்ராக்சிலேஷனுக்கு ஈனிகள் வந்தன. டர்பன்டைனில் கிடைக்கும் பைனீனை எச்.சி. பிரவுன் போரேனோடு இணைத்தது 1961. அப்புறம் அமினோ அமிலங்கள். அவற்றைப் பற்றிக் கீழே தனியாக வருகிறது.

இயற்கையிடம் வாங்காமல் மனிதனே வரைந்து கட்டியதும் உண்டு. ரியோஜி நொயோரியின் பைனாப் ஈனியில் கைரல் கார்பனே கிடையாது. இரண்டு நாஃப்தலீன் வளையங்கள் ஒன்றையொன்று தாண்டிச் சுழல முடியாமல் நிற்பதால் வரும் கைத்தன்மை அது. ஜப்பானில் தகசாகோ கம்பெனி இதை வைத்து மிர்சீனிலிருந்து மென்தால் தயாரிக்கிறது.

யாரைப் படிக்க வேண்டும்? நோபல் யாருக்கு?

2001-இல் நோல்ஸ், நொயோரி, ஷார்ப்ளெஸ். 2021-இல் பெஞ்சமின் லிஸ்ட், டேவிட் மெக்மில்லன். உயிரியல் வழியில் நொதிகளை மாற்றிப் பழக்கியதற்காக 2018-இல் பிரான்சிஸ் ஆர்னால்டு. நோபல் உரைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நோல்ஸின் உரையை முதலில் படியுங்கள். எளிய மொழி, அலட்டல் இல்லாத ஆள்.

ஈ.ஈ. என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது எவ்வளவு இருந்தால் நல்லது?

ஒரு கை மற்றதைவிட எத்தனை சதவீதம் அதிகம் என்பதே ஈ.ஈ. 95:5 என்றால் 90% ஈ.ஈ., 99:1 என்றால் 98%. மருந்துக்கு 99-க்கு மேல் கேட்பார்கள். ஆனால் 90% கிடைத்த பொருள் நன்றாகப் படிகமாகிறது என்றால், ஒரு தடவை மறுபடிகமாக்கியே பெரும்பாலும் மேலே கொண்டு போய்விடலாம். எண்ணெயாக வரும் 95%-ஐவிடப் படிகமாக வரும் 88% பல சமயம் மேல்.

இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆற்றல் எவ்வளவு சிறியது என்பதைத் தெரிந்துகொண்டால் துறை மேல் மரியாதை வரும். அறை வெப்பத்தில் 95:5 கிடைக்க, ஒவ்வொரு கைக்கும் போகும் வழியில் கடக்க வேண்டிய இடைநிலைகள் இரண்டுக்கும் நடுவே மோலுக்கு ஏறத்தாழ 1.7 கிலோ கலோரி வித்தியாசம் போதும். 99:1-க்கு 2.7. ஈத்தேனில் இரண்டு மீத்தைல்கள் ஒன்றையொன்று தாண்டிச் சுழலவே ஏறத்தாழ 3 கிலோ கலோரி வேண்டும். அதைவிடக் குறைவான வித்தியாசத்தைத்தான் வாழ்நாள் முழுக்கத் துரத்துகிறோம். கரைப்பானை டொலுவீனிலிருந்து டி.எச்.எஃப்.புக்கு மாற்றினாலே ஈ.ஈ. கவிழ்ந்துவிடுவது இதனால்தான்.

லேபில் ஒரு நாள் எப்படிப் போகும்?

பாதி நாள் பாத்திரம் கழுவுவது. கேலி இல்லை. மீதியில் ரியாக்‌ஷன் போடுவது, வினை முடிந்ததா என்று டி.எல்.சி. தகட்டில் பார்ப்பது, சிலிக்கா ஜெல் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் பிரிப்பது, ரோட்டாவேப்பில் கரைப்பானை இழுப்பது, என்.எம்.ஆர். வரிசையில் காத்திருப்பது. இவற்றை எந்தக் கரிம வேதியியல் லேபிலும் செய்வார்கள். எங்களுக்கென்று தனியாக இருப்பது இரண்டு கைகளையும் பிரித்து அளக்கும் கைரல் எச்.பி.எல்.சி. அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையில் நீங்கள் தேறுவீர்களா என்பது அந்தக் கருவியின் முன்னால்தான் தெரியும்.

ஒரு விரல் தடிமன், ஒரு சாண் நீளத்தில் எஃகுக் குழாய். உள்ளே சிலிக்கா துகள்களின் மேல் செல்லுலோஸ் அல்லது அமைலோஸிலிருந்து செய்த பூச்சு. பஞ்சில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான், கார்பமேட்டாக மாற்றப்பட்டது. விலை லட்ச ரூபாய்க் கணக்கில். அதனால் சீனியர் அக்கா அண்ணன்கள் அதைத் தொட விடுவதற்கே மாதக்கணக்காகும். ஹெக்சேன் 90, ஐசோபுரோப்பனால் 10 என்று கலந்து, நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட விட்டு, மாதிரியை ஊசியால் செலுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அடிக்கோடு நேராகப் போகும். எட்டாவது நிமிடத்தில் ஒரு சிகரம் எழுந்தது என்று வையுங்கள். பதினோராவது நிமிடத்தில் இன்னொன்று வருமா? வராவிட்டால் 99% ஈ.ஈ. என்று குதிக்கத் தோன்றும்.

குதிக்கக் கூடாது. முதலில் ரேசிமிக் மாதிரியைச் செலுத்தி, இரண்டு சிகரங்களும் சம அளவில், அடிக்கோடு வரை தனித்தனியாக வருகின்றன என்று பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் ஒற்றைச் சிகரத்தை நம்பினால், இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்திருக்கலாம். ரேசிமிக்கைச் செய்வது யாருக்கும் பிடிக்காத வேலை. கட்டுரையில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. ஆனாலும் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். கீழே வரும் புரோலின் வினை என்றால், இரண்டு கையும் சமமாகக் கலந்த டி.எல்.-புரோலின் போட்டு ஒரு தடவை ஓட்டினால் போதும்.

இன்னொரு பொறி. தூய்மையாக்கும்போது நல்ல பகுதிகளை மட்டும் எடுத்து அளந்தால் ஈ.ஈ. தவறாக வரலாம். ஒரு கை கூடுதலாக உள்ள கலவை, சாதாரண சிலிக்காவிலேயே முதல் குடுவைக்கும் கடைசிக் குடுவைக்கும் வெவ்வேறு ஈ.ஈ.யோடு பிரிந்து வருவதுண்டு. எல்லாக் குடுவைகளையும் ஒன்றாகச் சேர்த்த பிறகுதான் அளக்க வேண்டும். படிகமாக்குவதற்கு முன் ஒரு எண், பின் ஒரு எண், இரண்டையும் எழுத வேண்டும். என் கணக்கில் ஒருவர் நல்ல வேதியியலாளரா என்பதற்கு அவருடைய 99% சான்று ஆகாது. அந்த 99%-ஐ எப்படி அளந்தார் என்பதைத்தான் பார்ப்பேன்.

எங்கள் கல்லூரியில் பழைய போலாரிமீட்டர் மூலையில் கிடக்கிறது. அதற்கு மதிப்பு உண்டா?

துடைத்து எடுங்கள். சோடியம் விளக்கின் 589 நானோமீட்டர் ஒளியில், 1 டெசிமீட்டர் குழாயில் சுழற்சியை அளக்கும் அந்தக் கருவி, எந்தக் கை என்று பழைய கட்டுரைகளோடு ஒப்பிட இன்றும் தேவை. ஈ.ஈ. அளக்க மட்டும் அதை நம்பாதீர்கள். கொஞ்சம் மாசு இருந்தாலே எண் மாறிவிடும்.

நம் மாவட்டத்தில் இந்தக் கருவிக்கு நல்ல வேலை இருக்கும் இடம் சர்க்கரை ஆலை. நெல்லிக்குப்பம் ஆலை 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. கரும்புச் சாற்றில் சுக்ரோஸ் எவ்வளவு என்பதை ஒளிச் சுழற்சியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். அவர்கள் பேச்சில் அது 'போல்'. உங்கள் ஊர்க்காரர் யாராவது ஆலை லேபில் இருந்தால் பிரிக்ஸுக்கும் போலுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். ஒளிச் சுழற்சிப் பாடம் நடத்த அவரைவிட நல்ல ஆள் கிடைக்காது.

ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. இல்லாமல் இந்தப் பக்கத்திலிருந்தே இதைச் செய்ய முடியுமா?

முடியும், எதைச் செய்வது என்று தெரிந்து தேர்ந்தெடுத்தால்.

முதலில் வரலாறு. சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு மூலக்கூறு வடிவ வேதியியலில் உலகம் மேற்கோள் காட்டும் மரபு இருக்கிறது. கீட்டோன், பென்சால்டிஹைடு, அம்மோனியம் அசிடேட் மூன்றையும் ஆல்கஹாலில் சூடாக்கி 2,6-டைஅரைல் பிப்பெரிடின்-4-ஓன்களைப் பெறும் முறையை நோலரும் வி. பாலையாவும் 1948-இல் வெளியிட்டார்கள். பாலையா அண்ணாமலையில் அதை ஒரு பள்ளியாகவே வளர்த்தார். அவர்களுக்குப் பின் வந்த மாணவர்கள் இந்த வளையங்கள் நாற்காலி வடிவில் நிற்கின்றனவா, படகாக மடங்குகின்றனவா என்று என்.எம்.ஆரில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தார்கள். அது கையைத் தேர்ந்தெடுக்கும் வேலை இல்லைதான். ஆனால் விலை மலிந்த மூன்று பொருள்களை வைத்துக்கொண்டு முப்பரிமாணத்தில் யோசிக்கக் கற்றுக்கொடுத்த வேலை. காலாப்பட்டில் 1985-இல் அமைந்த புதுவைப் பல்கலைக்கழகத்திலும் வேதியியல் துறை இருக்கிறது.

இரண்டாவது, வினையூக்கி. ரோடியம், இரிடியம் வாங்க ஒரு சிறு கல்லூரிக்குக் கட்டாது. வாங்கினாலும் காற்றும் ஈரமும் படாத கையுறைப் பெட்டி வேண்டும். நம் கடற்கரைக் காற்றில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கால்சியம் குளோரைடை மூடாமல் வைத்தால் மதியத்துக்குள் கஞ்சியாகிவிடுகிறது. அந்த ஊரில், காற்றும் ஈரமும் பட்டாலே வினைபுரியும் பியூட்டைல் லித்தியத்தைக் கையாள எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்று யோசியுங்கள்.

இங்கேதான் 2000-இல் லிஸ்ட் குழுவினர் செய்த காரியம் நமக்கு வரப்பிரசாதம். அசிட்டோனையும் ஆல்டிஹைடையும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் அறை வெப்பத்தில் கலந்து, 30 மோல் சதவீதம் எல்-புரோலின் போட்டார்கள். உலோகமே இல்லை. நைட்ரோபென்சால்டிஹைடுக்கு 68% விளைச்சல், 76% ஈ.ஈ.; ஐசோபியூட்டிரால்டிஹைடுக்கு 97% விளைச்சல், 96% ஈ.ஈ. காற்றும் துளி ஈரமும் இதைக் கெடுப்பதில்லை. புரோலின் நம் தோலின் கொலாஜனிலேயே நிறைய இருக்கும் அமினோ அமிலம். புட்டியில் மலிவாகக் கிடைக்கும். இத்தனைக்கும் 1970-களிலேயே ஹாயோஸ், பேரிஷ் இருவரும் புரோலினை வைத்து ஒரு வளைய வினை செய்திருந்தார்கள். முப்பது வருஷம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே 2000-இல் மெக்மில்லனும் ஃபினைல்அலனினிலிருந்து செய்த ஒரு வளையத்தால் டீல்ஸ்-ஆல்டர் வினையில் 90-க்கு மேல் ஈ.ஈ. காட்டி, உலோகமில்லாத இந்த வினையூக்கத் துறைக்கே பெயர் வைத்தார்.

ஆக, காலம் இங்கே கிடைக்கும் பொருளை வைத்துச் செய்யக்கூடிய வினையைக் கொடுத்துவிட்டது. இங்கே இல்லாதது அளக்கும் வசதி. எச்.பி.எல்.சி. மாதிரிகளைக் கட்டணம் கட்டிப் பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பலாம். அனுப்பும்போது ரேசிமிக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.

என்ன தேர்வு எழுத வேண்டும்? உதவித்தொகை எவ்வளவு?

சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் அல்லது கேட். நெட்டில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் பெரும்பாலான லேப் கதவுகள் திறக்கும். 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருஷம் மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி. குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. இந்தத் துறையில் மூன்றில் முடித்தவர்களை நான் பார்த்ததில்லை. ஐந்து என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நெட் தாளில் கரிம வேதியியலை மட்டும் நம்பி ஜே.ஆர்.எஃப். வாங்கக் கனவு காணாதீர்கள். இயற்பியல் வேதியியலும் கனிம வேதியியலும் சேர்ந்துதான் மேலே தூக்கும்.

கைடை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கட்டுரை வந்த இதழ்களின் மதிப்பெண்ணை எல்லாரும் பார்ப்பார்கள். நீங்கள் அவருடைய கட்டுரையோடு வரும் துணைக்கோப்பைத் திறந்து பாருங்கள். எச்.பி.எல்.சி. வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் ரேசிமிக் பக்கத்திலேயே இருக்கிறதா, என்.எம்.ஆரில் அடிக்கோடு சுத்தமாக இருக்கிறதா, 71%, 64% போன்ற சுமாரான எண்களும் இருக்கின்றனவா? எல்லாமே 99 என்றால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரும். வேலை செய்யாத சேர்மங்களையும் ஒரு பெட்டியில் போட்டுக் காட்டியிருந்தால், அந்த லேபில் சேரத் தயங்காதீர்கள்.

அப்புறம், முடித்துப் போனவர்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். இப்போது அங்கே இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். எத்தனை பேர் முடித்தார்கள் என்பதோடு எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்றும் கேளுங்கள். வேலை செய்யாத வினையோடு மாணவர் போய் நின்றால் கைடு என்ன சொல்வார் என்று கேளுங்கள். 'இன்னொரு தடவை போடு' என்பது ஒரு பதில். 'டி.எல்.சி.யைக் காட்டு' என்பது வேறு மாதிரி பதில். இரண்டாவது ஆளிடம் போங்கள்.

கணக்கு நன்றாக வர வேண்டுமா?

மடக்கை, அடுக்குக்குறி தெரிந்தால் தொடங்கலாம். பின்னால் இடைநிலைகளைக் கணினியில் கணக்கிட விரும்பினால் குவாண்டம் வேதியியல் கற்க வேண்டியிருக்கும்.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இந்த வேலை இருக்குமா?

ஈனிகளின் பட்டியலைச் சுருக்கித் தரும். ஆனால் மேலே சொன்ன 1.7 கிலோ கலோரியை நினைத்துப் பாருங்கள். கணக்கீட்டில் 1 கிலோ கலோரி தவறினாலே 95:5 என்பது 78:22 ஆகிவிடும். யாராவது ஒருவர் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும்.

என் பெண்ணை இதற்கு அனுப்பலாமா? ராத்திரி வரை லேபில் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

அனுப்பலாம் அம்மா. ராத்திரி வேலை உண்டுதான், மறைக்கவில்லை. விடுதி வளாகத்துக்குள்ளேயே இருக்கும் நிறுவனமாகப் பார்த்துச் சேருங்கள். கல்யாணம், குழந்தை என்றால் படிப்பு நின்றுவிடும் என்ற பயத்துக்கு: 2022 விதியில் பெண் ஆய்வாளர்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு உண்டு, முடிக்கும் கெடுவிலும் தளர்வு உண்டு. கர்ப்ப காலத்தில் கரைப்பான்களோடு வேலை செய்யாமல் எழுத்து, கணக்கீட்டு வேலைக்கு மாறிக்கொள்ள கைடு ஒத்துக்கொள்வாரா என்பதை முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை.

உடையைப் பற்றி அம்மாக்களிடம் ஒன்று சொல்வேன். லேபுக்குப் பருத்திச் சுடிதார் மட்டும். நைலான் துப்பட்டா, பாலியஸ்டர் வேண்டாம். 2008 டிசம்பரில் அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வகத்தில், டெர்ஷியரி பியூட்டைல் லித்தியத்தை ஊசியில் இழுக்கும்போது அது சிந்தித் தீப்பிடித்தது. லேப் கோட் போடாமல் செயற்கை இழை ஸ்வெட்டர் அணிந்திருந்த 23 வயது உதவியாளர் சில வாரங்களில் இறந்துவிட்டார். ஆண் பிள்ளைகளின் பாலியஸ்டர் சட்டைக்கும் இது பொருந்தும்.

முடித்தபின் சிப்காட்டிலேயே வேலை கிடைக்குமா?

கடலூர் சிப்காட்டிலும் காலாப்பட்டிலும் மருந்து மூலப்பொருள் ஆலைகள் இருக்கின்றன. ஆனால் பிஎச்.டி. ஆட்களை எடுக்கும் ஆய்வுப் பிரிவுகள் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் பக்கம்தான் அதிகம். எங்கே போனாலும் நேர்முகத்தில் ஒரு அதிர்ச்சி காத்திருக்கும். நீங்கள் மைனஸ் 78 டிகிரியில், 10 மோல் சதவீத வினையூக்கியில் 98% ஈ.ஈ. எடுத்ததை ஆசையாகச் சொல்வீர்கள். அவர்கள் ஒரே கேள்வி கேட்பார்கள்: இதை 500 கிலோவுக்கு எப்படிச் செய்வீர்கள்? அந்த அளவை மைனஸ் 78-க்குக் குளிர்விக்கும் செலவு, சிலிக்கா குழாயில் பிரிக்காமல் படிகமாக்கியே பிரிக்க முடியுமா, உலோக எச்சத்தை மில்லியனில் சில பங்குக்குக் கீழே கொண்டுவர முடியுமா என்பதுதான் அவர்கள் உலகம்.

சர்க்கரை நோய் மாத்திரை சிடாக்ளிப்டின் கதையைப் படித்துவிட்டுப் போங்கள். மெர்க் கம்பெனி அதை முதலில் உயர் அழுத்தத்தில் ரோடியம் வினையூக்கியால் செய்தது. பிறகு கோடெக்சிஸோடு சேர்ந்து ஒரு டிரான்ஸ்அமினேஸ் நொதியைப் பழக்கி, ரோடியத்தையே கைவிட்டது. நல்ல வினையூக்கியைக்கூட ஒரு நொதி வேலையிலிருந்து தூக்கிவிடும் என்று தெரிந்து வைத்திருப்பவரைத்தான் கம்பெனிக்காரர்களுக்குப் பிடிக்கும்.

வெளிநாட்டு போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கட்டாயமா?

ஆசிரியர் வேலைக்கு விதிப்படி இல்லை. பெரிய நிறுவனங்களில் நடைமுறைப்படி ஆமாம். ஜெர்மனியின் ஹம்போல்ட், ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். இரண்டும் நல்ல உதவித்தொகைகள். போவதானால் உங்கள் பிஎச்.டி.யில் செய்ததையே செய்யும் லேபுக்குப் போகாதீர்கள்.

பள்ளி மாணவர்களுக்குக் காட்ட ஏதாவது சோதனை இருக்கிறதா?

இருக்கிறது. எல்.சி.டி. மானிட்டரையோ லேப்டாப்பையோ வெள்ளைத் திரையாக வையுங்கள். அதிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கப்பட்டது. முன்னால் ஒரு கண்ணாடி டம்ளரை வைத்து, போலராய்டு குளிர்க்கண்ணாடி வழியாகப் பாருங்கள். கண்ணாடியைச் சுழற்றி, திரை முழுக்கக் கறுப்பாகும் நிலையில் நிறுத்துங்கள். இப்போது டம்ளரில் வெள்ளைச் சர்க்கரையின் கெட்டிப் பாகை ஊற்றினால், திரை கறுப்பாக இருக்க, பாகு மட்டும் ஒளிரும். கண்ணாடியை மெல்லத் திருப்பத் திருப்ப, ஊதா, நீலம், மஞ்சள் என்று நிறம் மாறும். ஒவ்வொரு நிறத்தையும் சுக்ரோஸ் வெவ்வேறு அளவு சுழற்றுவதால் வருவது அது. பாகின் தடிமன் ஒரு சாணில் பாதியாவது இருந்தால்தான் நன்றாகத் தெரியும். சதுர ஊறுகாய் ஜாடி கிடைத்தால் இன்னும் நல்லது. வெறும் தண்ணீரை ஒரு ஜாடியில் பக்கத்திலேயே வைக்க மறக்காதீர்கள். வெல்லப் பாகில் செய்ய வேண்டாம், அதன் பழுப்பு எல்லா நிறத்தையும் விழுங்கிவிடும்.